சிறு திருத்தம் என்று நான் போட்ட டிக்

பிழை திருத்துகிறவளை ஒருத்தருக்கும் பிடிக்காது. வீட்டிலும் பிடிக்காது, கம்பெனியிலும் பிடிக்காது. ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆமாம், விஷயம்தான். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கப் போவதில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்றுக்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தாள் தொங்கும். முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தயாரிப்பவள் நான். அச்சடித்து, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, சிவப்பு சீல் குத்தி, லேமினேட் பண்ணி, ஆணியில் மாட்டிவிட்டு வருவேன். சீல் இல்லாத தாளைப் பார்த்து யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் திருகக் கூடாது. சீல் குத்திய தாளில் யாரும் பேனா வைக்கக் கூடாது, தப்பு கண்ணெதிரே தெரிந்தாலும்கூட. ஆடிட்டுக்கு வருகிறவர் கண்ணில் ஒரு பேனாக் கோடு பட்டால் தொலைந்தோம். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இதுதான் வேதம்.

எங்கள் ஸ்டோர்ஸில் ஆயிரக்கணக்கான சாமான். ஒரே பேரிங்குக்கு டிராயிங்கில் ஒரு நம்பர், தமிழ் பேசுகிறவர் வாயில் ஒரு பேர், தெலுங்கு பேசுகிறவர் வாயில் இன்னொரு பேர், கன்னடத்தில் வேறொன்று. திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தவர் சொல்வது எங்கள் ஒருத்தருக்கும் விளங்காது. “யோவ், அந்தக் குண்டு வாஷர் எங்கய்யா?” என்று கத்திக் கத்தியே ஒரு ஷிஃப்ட் ஓடிவிடும். அதற்காகத்தான் தேடும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பேரை அடித்தாலும், அது எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டிவிடும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து இலவசமாகச் செய்து தருகிற மென்பொருள் அது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டே நாளில் போட்டுக் கொடுத்துவிட்டு, “எல்லாம் மேனுவல்ல இருக்கு மேடம், ஒண்ணும் கஷ்டமில்ல” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேனுவல் இணையத்தில் இருந்தது. அதைப் படித்து ஸ்டோர்ஸுக்குத் தமிழில் ஒரு தாள் தயாரிக்க வேண்டும். உட்கார்ந்து படித்தால், நான்காவது படிக்கு அடுத்து ஆறாவது படி வருகிறது. ஐந்தைக் காணோம். இடது பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்தவும் என்கிறது. பொத்தானோ வலது பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் படிக்கிறார்களே, ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கவில்லை?

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பென்சில் படம் இருந்தது. அதை அழுத்தி யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அங்கே இருக்கிற தன்னார்வலர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால் பக்கம் மாறிவிடும். பேனாவே வைக்கக் கூடாத இடத்திலிருந்து போனவள் நான். என்னால் நம்பவே முடியவில்லை. பயந்துகொண்டே இடதை வலதாக்கி அனுப்பினேன். மறுநாள் ‘நன்றி’ என்று ஒரு வரி வந்தது. பக்கமும் மாறியிருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

அப்புறம் விடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் ஒரு பக்கம். ஒரு தடவை அங்கே ஒரு தன்னார்வலர் கடுப்பாகி எழுதினார்: இப்படித் துணுக்குத் துணுக்காகத் திருத்தம் அனுப்பி எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள், பெரிய வேலை இருந்தால் வாருங்கள் என்று. எனக்கா கோபம் வராது? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானும் எழுதினேன். உங்களுக்கு இது துணுக்கு. எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு பெண் இந்தப் பக்கத்தை நம்பித்தான் பொத்தானை அழுத்துகிறாள். பிழையை எழுத உங்களுக்கு நேரம் இருந்தது, திருத்தத்தை வாங்கிக்கொள்ள மட்டும் நேரம் இல்லையா என்று கேட்டேன். மூன்றாம் நாள் எல்லாத் திருத்தத்தையும் மொத்தமாக ஏற்றுக்கொண்டார்.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர். “எவனோ எழுதுனதுல தப்பு இருந்தா உனக்கென்னடி? இங்க கொழம்புல உப்பில்ல. மொதல்ல அதைத் திருத்து” என்பார்.

“உப்பில்லைன்னா நாக்குல தெரிஞ்சிடும், நீங்களே போட்டுக்கலாம். மேனுவல்ல தப்புன்னா படிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?”

“அம்மாடி, வக்கீலம்மா கோர்ட்டுக்குக் கெளம்பிட்டாங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

நான் அந்தத் தன்னார்வலரிடம் சொன்ன பெண் கற்பனை இல்லை. எங்கள் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். தளிக்கு அப்பால், காட்டோரம், ஜவளகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி முதல் ஷிஃப்டுக்கு வந்து நிற்பாள். காண்ட்ராக்ட் ஆள். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், லாரி டிரைவர்களோடு தெலுங்கு. புருஷனுக்குக் கொஞ்சம் ராகிக் காடு உண்டு; யானை விட்டுவைத்ததுதான் விளைச்சல். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த வீடு நிற்பது இவள் சம்பளத்தில்தான். வந்த புதிதில் என்னிடம் கேட்டாள்: “அக்கா, எனக்கு இங்கிலீசு அவ்வளவா ஓடாது. தாள்ல இருக்கறபடியே செஞ்சா போதுங்களா?”

“சீல் இருக்கில்ல புள்ள? கண்ணை மூடிக்கிட்டு செய். எதாச்சும் தப்பு வந்தா நான் இருக்கேன்” என்றேன். வாய்க்கென்ன, எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

புதுச் சாமான்களின் பட்டியலை மென்பொருளில் ஏற்றுகிற பக்கத்தில், அழுத்தினால் மட்டும் விரிகிற ஒரு மடிப்புக்குள் ஒளிந்தமாதிரி ஒரு சின்னக் கட்டம் உண்டு. ‘பழைய பட்டியலை நீக்கு’ என்பது அதன் பேர். அதில் டிக் இருந்தால் பழையது முழுக்க அழிந்து புதியது மட்டும் மிஞ்சும். டிக் இல்லையென்றால் பழையதோடு புதியது சேரும். அந்தக் கட்டத்தில் டிக் இருக்காது, திறந்து பார்க்கத் தேவையில்லை என்று மேனுவல் சொன்னது. நானும் என் தாளில் அப்படியே எழுதி, ‘மடிப்பைத் திறக்க வேண்டாம்’ என்று அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். அப்போது அது சரிதான். பிறகு கம்பெனியில் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டார்கள். அதில் அந்தக் கட்டம் டிக் போட்டே வருகிறது. மேனுவல்காரர்கள் பக்கத்தை மாற்ற மறந்துவிட்டார்கள்.

அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். சோதனைக்கென்று என் லேப்டாப்பில் வைத்திருந்த பிரதியில் எதையோ தட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது. உடனே பென்சிலை அழுத்தினேன். திருத்தம் அனுப்பும்போது ஒரு கேள்வி வரும்: சிறு திருத்தமா, பெரிய திருத்தமா? பெரியது என்றால் இரண்டு பேர் பார்க்க வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். சிறியது என்றால் அன்றைக்கே ஆகிவிடும். மாற்றியது இரண்டே சொல். ‘சிறு’ என்பதில் டிக் போட்டேன். சாயங்காலத்துக்குள் உலகம் முழுக்கத் திருந்திவிட்டது.

எங்கள் கம்பெனியிலும் மாற்றுக் குறிப்பு என்று ஒரு படிவம் இருக்கிறது. அதிலும் அதே கேள்வி. ‘பெரிய’ என்றால் அன்றைக்கே மூன்று கையெழுத்தும் வாங்கி, பழைய தாளைக் கழற்றி, புதியதை மாட்ட வேண்டும். ‘சிறு’ என்றால் அது சில்லறை ஃபைலுக்குப் போகும். சில்லறையை எல்லாம் சேர்த்துவைத்து ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஒரே மூச்சில் மாற்றுவது இங்கே வழக்கம். எங்கள் கம்பெனியில் மட்டுமல்ல, இந்த வட்டாரத்தில் நான் பார்த்த எல்லா இடத்திலும் அப்படித்தான். அந்த வாரம் ஏற்கெனவே ஏழெட்டுக் குறிப்பை நீட்டி, தர மேலாளரிடம் “மேடம், ஊர் உலகத்தைத் திருத்தறது இருக்கட்டும், எனக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுங்க” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மறுபடியும் அவர் முகத்தைப் பார்க்க அலுப்பாக இருந்தது. இரண்டு சொல்தானே என்று அங்கேயும் ‘சிறு’ என்பதில் டிக் போட்டு ஃபைலில் செருகினேன். துணுக்கு என்று சொன்னவரோடு மல்லுக்கு நின்ற அதே நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவளிடமிருந்து போன். “அக்கா, பட்டியலே காணோங்க்கா. எதை அடிச்சாலும் ஒண்ணும் வரமாட்டேங்குது.” புது மாடல் வண்டிக்கு நாற்பது சொச்சம் சாமான் வந்திருந்தது. அதன் பட்டியலைத் தாளைப் பார்த்து, விரல் வைத்துப் படித்து, ஒவ்வொரு படியாக ஏற்றியிருக்கிறாள். அந்த நாற்பது சொச்சம் மட்டும் இருந்தது. மற்ற ஆயிரக்கணக்கான சாமானும் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர்ஸ் வாசலில் சந்தைக் கூட்டம். “பேரிங் எங்கம்மா?”, “சீக்கிரம் ஆகட்டும், லைன் நிக்குது” என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். வண்டிப் பாகம் பூட்டுகிற இரண்டு லைன் நின்றுவிட்டது. சிஸ்டம் பார்க்கிறவர் பழைய பிரதியைத் தேடியெடுத்துப் போட்டுப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் பாதி ஷிஃப்ட் போயிற்று. கஸ்டமருக்குப் போக வேண்டிய லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. கஸ்டமர் போனில் எங்கள் ஆட்களைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

மத்தியானம் தர மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்ட் சூப்பர்வைசரும் இருந்தார். மேஜையில் ‘ஏன், ஏன்’ தாள். எங்கள் தொழிற்சாலையில் எது நின்றாலும் இதை எழுத வேண்டும். ஐந்து கட்டம் இருக்கும். ஐந்து தடவை ஏன் என்று கேட்டு வேரைப் பிடிப்பதாகப் பேர். ஐந்தாவது கட்டத்தில் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது: ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு.’ அதன் கீழே தீர்வு: ‘ஆபரேட்டர் மாற்றப்பட்டார்.’ ஆவணப் பிரிவு என்ற இடத்தில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.

“ஆளை மாத்திட்டீங்களா சார்?” என்றேன்.

“இன்னும் இல்ல மேடம். ஷிஃப்ட் முடிஞ்சதும் கேட் பாஸ் வாங்கிடுவாங்க. நாளையிலேர்ந்து வேற ஆள்.”

“ஆளுக்கென்ன சார் பஞ்சம்? காலையில ரெண்டு பேரைக் கொண்டாந்து நிறுத்தறேன்” என்றார் சூப்பர்வைசர்.

“ஆளுக்குப் பஞ்சமில்லதான். புத்திக்குத்தான் பஞ்சம்” என்றேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். “அவ என்ன கவனக்குறைவா செஞ்சா சார்?”

“அந்தக் கட்டத்தைத் தொறந்து பாக்கல.”

“தொறக்காதேன்னு எழுதுனது நான். சீல் குத்துனது நான். கையெழுத்து போட்டது நீங்க. எய்தவன் இருக்க அம்பை நோவறதுல என்ன சார் நியாயம்?”

“ஒரு டிக்குக்காக லைன் நின்னுச்சுன்னு கஸ்டமருக்கு எப்படி மேடம் எழுதறது? சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். அவங்க சிரிக்காம இருக்கறதுக்காக ஒருத்தி அழணுமா?”

அதற்குமேல் உட்கார முடியவில்லை. நேராக ஸ்டோர்ஸுக்குப் போனேன். வாசலில் கவிழ்த்துப்போட்ட ஒரு பிளாஸ்டிக் சாமான் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். என்னைப் பார்த்து எழுந்தாள். நான் நிற்கவில்லை. சுவரில் இருந்த தாளை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து, மேலாளர் முன்னால் என் லேப்டாப்பையும் வைத்தேன்.

“நீங்களே செய்ங்க சார். தாள்ல இருக்கறதை மட்டும் செய்ங்க. இல்லாத எதையும் செய்யாதீங்க.”

முதலில் முறைத்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாகப் படித்து அழுத்தினார். நல்ல மனுஷர்தான், ஒன்றைக் கையில் எடுத்தால் ஒழுங்காகச் செய்வார். மடிப்பைத் திறக்கவில்லை. கடைசிப் பொத்தானையும் அழுத்திவிட்டு, தேடும் இடத்தில் பேரிங் என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. வாஷர் என்று அடித்தார். அதுவும் வரவில்லை. “அடக் கடவுளே” என்றார் சூப்பர்வைசர்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “இந்தத் தப்பு உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?” என்று கேட்டார்.

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தாள் பழசு, பதிப்பு புதுசு, யார் மேலும் குற்றமில்லை என்று தேநீர் குடித்துவிட்டு எழுந்திருப்போம். சில்லறை ஃபைலை யாரும் புரட்டப் போவதில்லை. எய்தவன், அம்பு என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, எய்தவள் யார் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தின் மேலேயே கோபமும் வந்தது.

“மூணு வாரமாத் தெரியும் சார். இன்டர்நெட்டுல அன்னைக்கே திருத்திட்டேன். நம்ம சுவத்துல திருத்தல. சில்லறை ஃபைல்ல சொருகி வெச்சேன்.”

அவர் எழுந்து போய் ஃபைலை எடுத்துப் புரட்டினார். “நீங்களே ‘சிறு’ன்னு டிக் போட்டிருக்கீங்களே மேடம்.”

“போட்டேன் சார். உங்க கடுகடுப்புக்குப் பயந்துகிட்டுப் போட்டேன். அது என் தப்பு.”

டைப் அடித்திருந்த வரியைக் குறுக்கே அடித்தேன். ஐந்தாவது கட்டத்தில் கையால் எழுதினேன்: தாளில் பிழை இருப்பது தெரிந்தும் ஆவணப் பிரிவு அதை மாற்றவில்லை. தீர்வு என்ற இடத்தில், எந்தத் திருத்தமும் அன்றைக்கே சுவருக்கு வர வேண்டும் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து.

“இது உங்க பர்சனல் ஃபைலுக்குப் போகும். யோசிச்சுக்கோங்க.”

“போகட்டும் சார். ஆனா அவ கேட் பாஸை வாங்கினீங்கன்னா, இதோட நகலை கஸ்டமருக்கு நானே அனுப்புவேன்.”

மிரட்டல்தான். வேறு எப்படிச் சொல்வது? அவர் தாளை எடுத்து ஃபைலில் வைத்தார். பிறகு சூப்பர்வைசரிடம், “வேற ஆள் வேண்டாம். அந்தம்மாவை உள்ளே போய் உக்காரச் சொல்லுங்க” என்றார். எனக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. “ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லடி” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

அன்றைக்கு மேலாளர் அறையை விட்டு வந்த கையோடு நானே போய் அவளிடம் நடந்ததைச் சொன்னேன், கேட் பாஸ் போகவில்லை என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுதாகச் சொல்லாமல் அந்தக் கையை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மூன்று வாரம் முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டாள்.

“கொத்தித்தா நிமகெ?” என்றாள். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா என்று அர்த்தம். என்னிடம் அவள் கன்னடம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் தமிழில் கேட்டாள்: “எங்கயோ இருக்கறவங்களுக்குச் சொல்லியிருக்கீங்க. நான் பத்தடி தூரத்துல உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாக்கா? கெளம்பும்போது பெரியவளுக்குப் புது ஷூ வாங்கியாறேன்னு சொல்லிட்டு வந்தேங்க்கா. இன்னைக்கு வேலை போயிருந்தா அதுங்க மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?”

தோன்றவில்லை. அதுதான் உண்மை. படிவம் தோன்றியது, ஃபைல் தோன்றியது, மேலாளரின் முகம் தோன்றியது. பத்தடி நடந்து போய், புள்ள, அந்த மடிப்பைத் திறந்து பார்த்துக்கோ என்று வாயால் சொல்லலாம் என்பது தோன்றவே இல்லை. அவளிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். மன்னிச்சுடு என்றும் சொன்னேன். அவள் திரும்பி, வாசலில் காத்திருந்த லைன் ஆளிடம், “சொல்லுங்கண்ணா, என்ன வேணும்?” என்று கேட்டாள்.

இணையத்தில் திருத்துவதை விட்டுவிடுங்கள் என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பக்கம் திருத்துகிறேன். ஆனால் அனுப்பிய கையோடு முதலில் ஸ்டோர்ஸுக்கு நடக்கிறேன், படிவம் அப்புறம்தான். அதில் ‘பெரிய’ என்பதில்தான் டிக். அரைப் புள்ளியாக இருந்தாலும் பெரியதுதான். மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்.

அவள் இப்போதும் முதல் ஷிஃப்டில்தான் இருக்கிறாள். நான் போய்ச் சொல்கிறதைக் கேட்டுக்கொள்கிறாள். என் எதிரிலேயே மடிப்பைத் திறந்து, நான் சொன்னது சரியா என்று தன் கண்ணால் ஒரு தடவை பார்க்கிறாள். பிறகுதான் தலையாட்டுகிறாள். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், மேடம் என்கிறாள். சமாதானப்படுத்து, ஒரு டீ வாங்கிக் கொடு என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நான் போகவில்லை. அவள் கோபத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டேன். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.